ஜொகூருக்குத் தண்ணீர் பார்க்கப் போனேன்

அறுபத்தெட்டு வயதில் முதன்முறையாக விமானம் ஏறினேன். ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. மலேசியாவில் ஜொகூர் என்கிற ஊரில் ஒரு வீட்டுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து, அது எப்படி இருக்கிறது என்று சொல்வதற்காக என்னை அழைத்துப் போனார்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கமாட்டார்கள். ஆம்பூரைச் சுற்றிப் பாலாற்றங்கரை ஊர்களில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் தண்ணீரைக் கேட்பார்கள். நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா? தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு நிலத்துக்குள் இறங்கிய நாளிலிருந்து இப்படித்தான். பெண் வீட்டார் போய் உட்கார்ந்ததும் ஒரு சொம்பில் அந்த வீட்டுத் தண்ணீரைக் கொடுக்கவேண்டும். எங்கள் குடும்பத்தில் அதைக் குடித்துச் சொல்கிற ஆள் நான். நாலு பேர் கூடினால் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்கிற எனக்கு இந்த வேலை வந்ததே, ஒரு தடவை தப்பாகச் சொன்னதால்தான்.

என் தங்கை மல்லிகாவுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோது எனக்கு இருபத்தெட்டு வயது. புருஷன் போய்ச் சேர்ந்து, பிறந்த வீட்டுக்கே திரும்பி, டேனரியில் தோலிலிருந்து உப்பு உதறுகிற வேலை செய்துகொண்டிருந்தேன். "உப்பு தெரிஞ்சவ, நீ குடிச்சுப் பாரு" என்று அப்பா சொம்பை என்னிடம் கொடுத்தார். தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. ஆனால் கொல்லைப் பக்கம் கிணற்றுக் கயிறு காய்ந்து கிடந்ததை நான் பார்த்துவிட்டேன். காலை வேளையில் புழங்குகிற வீட்டுக் கிணற்றுக் கயிறு காய்ந்து கிடக்காது. தண்ணீர் வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது. அத்தனை ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கண்ணும் என்மேல். தலையைக் குனிந்து விழுங்கிவிட்டு, "நல்லாருக்கு" என்றேன்.

மல்லிகா போன இடத்தில் நிலம் வெள்ளையாகப் பூத்தது. தென்னை குரும்பையிலேயே கொட்டியது. மாடுகூட அந்தத் தண்ணீரில் வாய் வைக்காது. கடைசியில் நிலத்தை அப்படியே போட்டுவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போனார்கள். அங்கேயே இறந்தாள். கயிறு காய்ந்திருந்த சங்கதியை அவள் காரியத்தன்றுதான் வீட்டில் சொன்னேன். யாரும் திட்டவில்லை. அதற்குப் பிறகு எந்தச் சம்பந்தம் வந்தாலும் என்னைக் கூட்டிப் போனார்கள். இனி இவள் பொய் சொல்லமாட்டாள் என்று நினைத்தார்களோ என்னவோ.

இந்தத் தடவை என் தம்பி ஏகாம்பரத்தின் மகள் கவுசல்யாவுக்காக. ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக்குப் போகிற பெட்டிகளைச் சரிபார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலையில் இருந்தாள். ஆர்டர் கம்மி என்று போன வருஷம் நிறுத்திவிட்டார்கள். முப்பத்தொரு வயது. மாப்பிள்ளை லோகன் மலேசியாக்காரர். அவருடைய கொள்ளுத்தாத்தா ஆற்காட்டை அடுத்த கலவைப் பக்கத்திலிருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போனவராம். டேட்டா சென்டரில் நல்ல வேலை, சொந்த வீடு, வீட்டில் அம்மா மட்டும். ஆறு மாதமாகக் கவுசல்யாவும் அவரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பிடித்துவிட்டது. "அக்கா வந்து தண்ணி பாத்துட்டு சொல்லட்டும், அப்பறம் பேசலாம்" என்று ஏகாம்பரம் சொல்லிவிட்டான். முழங்கால் வலியால் அவன் பெண்சாதி வரவில்லை. நாங்கள் மூன்று பேரும், இரண்டு டப்பா ஆற்காட்டு மக்கன் பேடாவும் போய் இறங்கினோம்.

இறங்கியதும் மழை. எங்கள் ஊரில் மழை வந்தால் வாசலில் நின்று பார்ப்போம். அங்கே ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பல நாள் சாயங்காலம் பெய்யுமாம். சாலைக்கு இரண்டு பக்கமும் எண்ணெய்ப்பனைத் தோட்டம், ஒரே கரும்பச்சை. சாக்கடைகூடத் தெளிவாக ஓடியது.

"இந்த ஊர்ல நீ இன்னாத்த குடிச்சுப் பாக்கறதுக்கா? வானமே ஊத்துது" என்று ஏகாம்பரம் சிரித்தான். எனக்கும் வந்த வேலை முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது.

தங்கிய அறையில் கவுசல்யா போனோடு பேசிக்கொண்டிருந்தாள். அவள் அதைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை. மனுஷரோடு இல்லை, ஏஐயாம். வாயால் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்கிறது. "நீ ஒண்ணு கேளு அத்த" என்று என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஆட்களிடம் பேசக் கூசுகிற எனக்கு அதனிடம் கூச்சம் வரவில்லை. அது என்னைப் பார்க்கவில்லையே.

"இந்த ஊர் தண்ணி எப்டிப்பா?" என்றேன்.

பொதுவாக நல்ல தண்ணீர்தான், காய்ச்சிக் குடிப்பது நல்லது என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னது.

"நீ குடிச்சுப் பாத்தியா?"

கவுசல்யா கட்டிலில் விழுந்து சிரித்தாள். அது பொறுமையாக, தன்னால் தண்ணீர் குடிக்க முடியாது என்றது. நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

மறுநாள் காலை கீழே இருந்த கடைக்குப் போனோம். கடைக்காரர் தமிழர். "பசியாறியாச்சா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் பாய் வீடானாலும் நம் வீடானாலும் "நாஷ்டா ஆச்சா"தான். பசி ஆறியதா என்று கேட்பது எனக்குப் பிடித்துப்போயிற்று. ரொட்டி சானாய் என்று ஒன்று கொடுத்தார், நம் பரோட்டாவின் ஒல்லித் தம்பி. டப்பாப் பால் ஊற்றிய டீயை இரண்டு முழத்துக்குத் தூக்கி ஆற்றினார். ஏகாம்பரத்துக்கு ஒன்றும் இறங்கவில்லை. "பிரியாணி கிடைக்குமா?" என்று காலை எட்டு மணிக்குக் கேட்டான். கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆம்பூரா?" என்றார்.

பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. ஏகாம்பரத்துக்கு இருப்பு கொள்ளவில்லை. "பஸ்ல போய் எறங்கிட்டு போன் பண்ணலாம்" என்று எங்களைச் சாலைக்கு இழுத்துவந்தான். ஒரு பஸ் வந்தது. உள்ளே பெண்கள் சிலர், ஆண்கள் நிறைய, எல்லாருக்கும் மஞ்சள் மேல்சட்டை. ஏகாம்பரம் கை காட்டினான், நின்றது, ஏறிவிட்டோம். ஆம்பூரில் காலை நேரத்தில் ஷூ கம்பெனி பஸ்கள் இப்படித்தான் ஆள் ஏற்றிக்கொண்டு போகும். வயசான பொம்பளை கை காட்டினால் நிறுத்துவார்கள். கம்பெனி பஸ் என்றால் அது ஊர் பஸ்தான். எங்களுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவு.

யாரும் டிக்கெட் கேட்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "நம்ம பக்கமா? நான் நாட்றம்பள்ளிங்க" என்றார். குழாய் பதிக்கிற வேலைக்கு வந்தவர். "நீங்க எந்தக் காண்ட்ராக்டரு?"

"நாங்க பொண்ணு வூட்டுக்காரங்க" என்றான் ஏகாம்பரம்.

அவர் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் பஸ் பெரிய சாலையை விட்டு ஒரு கம்பிவேலிக்குள் நுழைந்துவிட்டது.

மேடுகளை மண் தெரிய வெட்டியிருந்தார்கள். பனைகளை வேரோடு சாய்த்து அடுக்கியிருந்தார்கள். நடுவில் ஒரு வெள்ளைக் கட்டடம். நாலைந்து டேனரியை வரிசையாக வைத்த நீளம் இருக்கும். ஜன்னலே இல்லை. பச்சைத்தோல் அடுக்குகிற குடோன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வாடை இல்லை. ஹோம் என்று ஒரு சத்தம் மட்டும், காதில் இல்லாமல் நெஞ்சுக்கூட்டில் கேட்பது மாதிரி.

"உள்ள இன்னா செய்றாங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கம்ப்யூட்டருங்கம்மா. போன்ல கேட்டா பதில் சொல்லுதே, அது இந்த மாதிரி எடத்துலதான் யோசிக்குது" என்றார் நாட்றம்பள்ளிக்காரர். "இது முடிஞ்சா அதோ அந்த மேடு. அப்பறம் அதுக்குப் பின்னால இருக்கற மேடு. ரெண்டு வருஷமா எனக்கு மேடே தீரல."

"தீந்தா?"

"தீந்தா நாட்றம்பள்ளிதான்."

வாசலில் காவலாளி எங்களைப் பார்த்து மலாய் மொழியில் சத்தம் போட்டார். நாட்றம்பள்ளிக்காரர் எங்களுக்குச் சொன்னார்: "இந்தப் பாட்டி எந்த வேலைக்குப் பேர் குடுத்திருக்காங்கன்னு கேக்கறாரு." கவுசல்யா வெட்கத்தில் செத்துப்போய் போனில் யாரையோ கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்த ஜன்னலில்லாத கட்டடத்துக்குள்ளிருந்தே நீலச் சட்டை போட்ட ஒருவர் ஓடிவந்தார். லோகன். மாப்பிள்ளையை நாங்கள் முதலில் பார்த்தது இப்படி.

திட்டவில்லை. காவலாளியிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்து, எங்களை நிழலில் உட்காரவைத்தார். "இதான் ஆண்ட்டி நான் வேல செய்ற எடம். மிஷினெல்லாம் சூடாயிரும். தண்ணி விட்டு ஆத்திக்கிட்டே இருக்கணும். தண்ணி ஒரு நிமிஷங்கூட நிக்கக் கூடாது. அதப் பாத்துக்கறதுதான் என் வேல."

தன்னால் தண்ணீர் குடிக்க முடியாது என்று போன் சொன்னது ஞாபகம் வந்தது. நான் கவுசல்யாவைப் பார்த்தேன். அவள் லோகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு அவர் காரிலேயே போனோம். வரிசை வீடுகளில் ஒன்று, புதுச் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. இந்த வேலை கிடைத்த பிறகு கடனில் வாங்கியதாம். அம்மா சரஸ்வதி வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்கக்கா, வாங்க! கலவை பாத்திருக்கீங்களா நீங்க? நான் பாத்ததே இல்லக்கா, எங்க தாத்தா சொல்லிச் சொல்லிப் பாத்த மாரியே இருக்கும்." மேசை கொள்ளாமல் சாப்பாடு. தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, கோழி, எல்லாம் கடையிலிருந்து வந்த டப்பாக்களில். எனக்கு மட்டும் கண்ணாடி டம்ளரில் மூடி போட்டுத் தண்ணீர் வந்தது. நான் தண்ணீர் பார்க்க வந்தவள் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. பெரியவள் என்று மரியாதையாகக் கொடுத்தது.

குடித்தேன். இளநீர் மாதிரி இருந்தது.

கை கழுவுகிறேன் என்று சமையல்கட்டுக்குப் போனேன். தொட்டி காய்ந்திருந்தது. பாத்திரம் துடைக்கிற துணி அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. குழாயைத் திறந்தேன். இருமியது, காற்று வந்தது, அவ்வளவுதான். பின்னால் பாத்ரூமில் மூடி போட்ட பீப்பாய்களும் வாளிகளும் வரிசையாக நின்றன.

கயிறு காய்ந்திருக்கிறது என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது.

திரும்பி வந்தபோது ஏகாம்பரம் கேட்டுவிட்டான். "அக்கா, தண்ணி எப்டி?"

எல்லார் கண்ணும் என்மேல். கவுசல்யா தலையைக்கூட ஆட்டினாள், சொல்லு என்கிற மாதிரி. தலைப்பு என் வாய்க்குப் போய்விட்டது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் நின்ற மாதிரியே நின்றேன். பிறகு தலைப்பை எடுத்தேன்.

"இது இந்த வூட்டுத் தண்ணி இல்ல" என்றேன்.

ஏகாம்பரம் எழுந்துவிட்டான். "இன்னாங்க இது? கடல் தாண்டி நம்பி வந்தா, தண்ணிய மாத்தி வெச்சு ஏமாத்தறீங்களா?"

சரஸ்வதியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன ஏமாத்துறோம்? பாட்டில் தண்ணிதான்லா அது! அஞ்சு நாளா பைப்ல தண்ணி இல்ல. வந்த விருந்தாளிக்கு லோரித் தண்ணியவா குடுக்கறது?" சொல்லிக்கொண்டே அழுதுவிட்டார். சமைக்கத் தண்ணீர் இல்லாமல் கடையில் வாங்கியதைச் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். "கழுவ முடியாம காயிதத் தட்டு வாங்கி வெச்சேங்க. இதுல நான் யார ஏமாத்துனேன்?"

"அத்த, இன்னாத்துக்கு இப்டி மானத்த வாங்கற?" என்றாள் கவுசல்யா.

லோகன்தான் பேசினார். "அவங்க சொன்னது சரிதானே? இது வீட்டுத் தண்ணி இல்லதான்."

"எதுனால தண்ணி வரல?" என்று ஏகாம்பரம் கேட்டான்.

"பைப் வேலன்னு செய்தி அனுப்புனாங்க. இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க அங்கிள். உண்மையா எனக்குத் தெரியாது."

கவுசல்யா அவர் பக்கம் திரும்பினாள். "உங்க கம்பெனில நின்னுச்சா?"

அவர் காகிதத் தட்டைச் சரியாக நகர்த்தி வைத்தார். "அங்க நிக்காது. நிக்காம பாத்துக்கத்தான் என்னைய வெச்சிருக்காங்க."

அதற்கு மேல் யாரும் சாப்பிடவில்லை. மக்கன் பேடா டப்பா பிரிக்காமலேயே மேசையில் இருந்தது.

மூன்றாம் நாள் காலை நான் மட்டும் அந்த வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க. வாழ்நாளில் தனியாக ஒரு வாடகைக் காரில் ஏறியதும் அன்றுதான். ஓட்டுநர் சீனர். என்னிடம் ஏதோ கேட்டார், நான் லோகன் வீட்டு முகவரிச் சீட்டைக் காட்டினேன், வேறு ஏதோ கேட்டார், மறுபடியும் அதே சீட்டைக் காட்டினேன். அப்படியே வீடு வந்துவிட்டது.

வீடு பூட்டியிருந்தது. தெருமுனையில் தண்ணீர் லாரி நின்றது. வரிசையில் சரஸ்வதியம்மா இரண்டு வாளியோடு. நான் போய் ஒரு வாளியை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என்ன சொல்வது என்று யோசித்துவைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. வரிசையில் நிற்கிற விதம் மட்டும் கைக்குத் தெரிந்திருந்தது. வாளியை எந்தப் பக்கம் வைத்தால் இடிபடாது, குழாய்க்கு எப்போது நகரவேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பழக்கம்.

"நல்லா நிக்கிறீங்கக்கா" என்றார் சரஸ்வதியம்மா. "நாங்க இப்பதான் பழகறோம்."

அப்போது அவரிடம் சொன்னேன். மல்லிகாவைச் சொன்னேன், கயிற்றைச் சொன்னேன், எங்கள் பக்கத்தில் தண்ணீர் பார்த்துத்தான் பெண் கொடுப்போம் என்பதைச் சொன்னேன். அவ்வளவு பேச்சை நான் யாரிடமும் பேசியதில்லை. அவர் வாளியை நகர்த்தி நகர்த்திக் கேட்டார். பின்னால் நின்ற சீனப் பெண்மணி மலாயில் ஏதோ சொன்னார். சரஸ்வதியம்மா எனக்குத் தமிழில் சொன்னார்: "மழை இவ்ளோ பேயுது, வாளிய வெளிய வெச்சிருந்தா இந்நேரம் ரொம்பியிருக்கும், நாம லோரிக்கு நிக்கிறோம்னு சொல்றா." வரிசையே சிரித்தது. சிரிப்பு சீக்கிரம் நின்றுபோயிற்று.

ராத்திரி வேலை முடிந்து லோகன் வந்து வாளிகளைத் தூக்கிக்கொண்டார். கூடவே நடந்தேன். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருந்தது.

"அந்த மிஷினுக்கு வுடற தண்ணி இன்னா ஆவுது தம்பி?"

"கொஞ்சம் ஆவியா மேல போயிரும் ஆண்ட்டி. மிச்சத்த சுத்தி சுத்தி ஓட்டுவோம். சுத்தச் சுத்த அதுல உப்பு ஏறும். ஜாஸ்தி ஏறுனா வெளியேத்திட்டுப் புதுத் தண்ணி விடணும்."

நடை நின்றுவிட்டது எனக்கு. உப்பு என்ற சொல்லை அந்த ஊரில் எதிர்பார்க்கவில்லை.

"அந்த உப்புத் தண்ணி எங்க போவுது?"

"சுத்தம் பண்ற எடத்துக்குப் போகுது."

எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். சுத்தம் செய்கிற இடமும் கட்டினார்கள். செருப்பும் ஷூவும் கப்பலேறிப் போய்விடும். உப்பு யாருக்கும் வேண்டாம் என்று இங்கேயே தங்கிவிடும். அதை நான் லோகனிடம் சொல்லவில்லை. வேறொன்று கேட்டேன்.

"இவ்ளோ கட்டறாங்களே, ஆர்டர் யாருது?"

ஆம்பூரில் ஆர்டர் என்ற ஒரு சொல்லில்தான் எல்லாருடைய சோறும் இருக்கிறது. ஆர்டர் இருந்தால் ஓவர்டைம், தீபாவளிக்குப் புதுத்துணி. ஆர்டர் இல்லை என்றால் கவுசல்யா மாதிரி வீட்டில்.

லோகன் வாளியைக் கீழே வைத்துக் கை மாற்றிக்கொண்டார். "இப்ப ஓடறதுக்கு ஆர்டர் இருக்கு. புதுசா கட்டறதுக்கு இனிமேதான் ஆண்ட்டி. வரும்னு நம்பித்தான் கட்டறாங்க. மிஷினும் அப்படித்தான். ஒண்ணோட விலைய சொன்னா நம்ப மாட்டீங்க. நாலஞ்சு வருஷம் போனா அதுக்கு மேல புதுசு வந்துரும். பழச கழட்டிட்டு மறுபடி வாங்கணும்."

"கழட்டனது?"

"லோரில போகும். எங்கன்னு தெரியாது."

நான் வேலை பார்த்த டேனரியில் ஒரு முதலாளி இருந்தார். ஆர்டர் கையில் வராமல் தோலை ஊறப்போடக் கூடாது என்பது தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஊறவைத்துவிட்டால் தோல் காத்திருக்காது. ஒரு வருஷம், வெளிநாட்டில் ஏகக் கிராக்கி வரப்போகிறது என்று ஊரே பேசியது. பக்கத்து டேனரி ஊறவைக்கிறான், எதிர் டேனரி ஊறவைக்கிறான், நாம் பின்தங்கிவிடுவோம் என்று இவரும் கடன் வாங்கி வாங்கிக் குழி நிறைய ஊறப்போட்டார். எல்லாரும் செய்தால் எப்படித் தப்பாகும் என்று எங்களுக்கும் தோன்றியது. கூலி ஏறியதே. ஆர்டர் வரவில்லை. தோல் குழியிலேயே கரைந்து கூழானது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு நாங்கள்தான் அள்ளினோம். முதலாளி சென்னைக்குப் போய்விட்டார். குழி இன்னும் இருக்கிறது. அதைச் சுற்றிப் புல்லும் முளைக்காது.

இதை லோகனிடம் சொன்னேன். "என் காண்ட்ராக்ட் ரெண்டு வருஷம் ஆண்ட்டி. வீட்டுக் கடன் முப்பது வருஷம்" என்றார். வீட்டு வாசல் வந்துவிட்டது.

நாலாம் நாள், நாங்கள் கிளம்ப வேண்டிய அன்று காலை, சரஸ்வதியம்மா போன் செய்தார். "தண்ணி வந்துருச்சுக்கா! வாங்க, வந்து பாருங்க!" கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற குரல்.

மூன்று பேரும் போனோம். குழாய் முதலில் இருமியது. பிறகு டீ நிறத்தில் வந்தது, கலங்கலாக வந்தது, கடைசியில் தெளிந்தது. எல்லாரும் சமையல்கட்டில் நெருக்கிக்கொண்டு நின்றோம். சரஸ்வதியம்மாவே டம்ளரைப் பிடித்து என்னிடம் கொடுத்தார். இந்தத் தடவை எதற்கென்று தெரிந்து கொடுத்தார்.

வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். மருந்து வாசனை லேசாக இருந்தது. அதற்கு அடியில் மழைத் தண்ணீர். உப்பு துளிகூட இல்லை. என் சின்ன வயதில் பாலாற்று ஊற்றில் கையால் அள்ளிக் குடித்த தண்ணீர் அப்படி இருந்தது.

"எப்டிக்கா?" என்றான் ஏகாம்பரம்.

"நல்லாருக்கு" என்றேன். அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததும் எனக்கே பயமாக இருந்தது. அதனால் கூடச் சேர்த்துச் சொன்னேன். "இன்னிக்கி நல்லாருக்கு. நாக்கு இன்னிக்கித் தண்ணியதான் சொல்லும். பத்து வருஷம் கழிச்சு எப்டி இருக்கும்னு கேட்டா எனக்குத் தெரியாது."

ஏகாம்பரம் பெருமூச்சு விட்டான். "அப்டிப் பாத்தா எந்த ஊருக்குதான் பொண்ணு குடுக்கறது?"

கவுசல்யா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. "நான் இவரையே கட்டிக்கறேன் அத்த" என்றாள். "அன்னிக்கி நான் கேட்டனே, கம்பெனில தண்ணி நின்னுச்சான்னு. அங்கயும் நின்னுச்சுன்னு சொல்லி மழுப்பியிருக்கலாம். சொல்லல."

"ரெண்டு வருஷங்கழிச்சு வேல இல்லன்னா?"

"ஆம்பூர்ல மட்டும் இருக்குதா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

விமானம் மேலே ஏறியபோது மழை விட்டிருந்தது. பச்சைக்கு நடுவில் அங்கங்கே மண் வெட்டிய இடங்களும் வெள்ளைக் கட்டடங்களும் தெரிந்தன. எண்ணிப் பார்த்தேன். மேகம் வந்து மறைத்துவிட்டது.

தை மாதம் சரஸ்வதியம்மாவும் லோகனும் உறுதி செய்ய எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அன்று காலை வண்டிக்காரர் வழக்கம்போலத் தண்ணீர் கேன் இறக்கிவிட்டுப் போனார். கவுசல்யா அதிலிருந்து வெள்ளி டம்ளரில் ஊற்றினாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்து வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் கேன் தண்ணீர்தான். அதை மாற்றி வைப்பதாக நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. ஜொகூரில் அந்த அம்மாவை அழவைத்தபோதுகூட எனக்குத் தோன்றவில்லை.

பின்பக்கம் போய் போர் மோட்டாரைப் போட்டேன். இன்னொரு டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்துவந்து, வெள்ளி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். கூடத்தில் சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏகாம்பரத்தின் முகம் செத்துவிட்டது.

"இது கேன் தண்ணிம்மா. இது எங்க வூட்டு போர் தண்ணி" என்றேன். "உங்க வூட்டுத் தண்ணிய நாங்க பாத்தோம். எங்களுதையும் நீங்க பாக்கணும்."

சரஸ்வதியம்மா என்னைப் பார்த்தார். போர் தண்ணீரைத்தான் எடுத்தார். ஒரு வாய் குடித்தார். வாயில் வைத்தவர் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. எல்லார் கண்ணும் அவர்மேல். கலவையிலிருந்து போனவர்களின் பேத்தி, இந்த மண்ணின் தண்ணீரை அன்றுதான் முதன்முதலாக வாயில் வைத்திருக்கிறார்.

தலையைக் குனிந்து விழுங்கினார்.

"நல்லாருக்குக்கா" என்றார்.